சூலகம் எடுக்கும் பெண்ணிடம் நாம் செய்யும் தவறுகள்

போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரி விடுதியில் ஒரு புதுத் தாதித் தங்கச்சி, வீட்டுக்குப் போகவிருந்த பெண்ணிடம் "பாரம் தூக்க வேண்டாம், தையலை நனைக்க வேண்டாம்" என்று அழகாகச் சொல்லிக் கொண்டிருந்தாள். பெண்ணுக்கு வயது 38. புற்றுநோய் வந்ததால் அல்ல, வராமல் இருக்க இரண்டு சூலகங்களையும் (முட்டை உண்டாகும் உறுப்பு) பலோப்பியன் குழாய்களையும் எடுத்திருந்தார்கள். சூலகம் தரும் ஈஸ்ட்ரஜன் ஹோமோன் விழுவதால் சில நாட்களுக்குள்ளேயே உடம்பு நெருப்பாகக் கொதிக்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. மட்டக்களப்பில் தாதியாக இருந்த முதல் வருடங்களில் நானும் தையலைப் பற்றித்தான் பேசினேன்.

அப்பா பக்கத்தைக் கேட்காமல் விடுவது

எங்கள் ஊரில் குடி, அதாவது வம்சம், தாய்வழி. அந்தப் பழக்கத்தில் நோயையும் தாய்வழியிலேயே தேடுகிறோம். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணுக்களில் பழுது இருந்தால் மார்பக, சூலகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். அந்தப் பழுதுக்குக் குடி தெரியாது. தகப்பனிடம் அந்தப் பழுது இருந்தாலும் மகளுக்கு வர இரண்டில் ஒரு வாய்ப்பு. தகப்பனின் அக்கா தங்கச்சிமாருக்கு என்ன வந்தது என்றும் கேளுங்கள்.

"கர்ப்பப்பை எடுத்தாச்சு" என்பதை நம்புவது

எதை எடுத்தாலும் ஊரில் சொல்வது இதுதான். கிளினிக் கொப்பியைத் திறந்து பாருங்கள். பிறகு ஹோமோன் கொடுப்பதென்றால், கர்ப்பப்பை உள்ளே இருந்தால் ஈஸ்ட்ரஜனோடு புரொஜெஸ்ட்ரஜன் என்ற இன்னொரு ஹோமோனும் வேண்டும், இல்லாவிட்டால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்து அங்கேயே புற்றுநோய் வரலாம். கர்ப்பப்பையும் போய்விட்டால் ஈஸ்ட்ரஜன் மட்டும் போதும்.

"ஹோமோனா? ஐயோ, வேண்டாம்!"

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும், முதலில் என் மேல்தான்.

களுவாஞ்சிக்குடிப் பக்கத்து ரீச்சர் ஒருவர், வயது 39. லண்டனில் இருக்கும் அக்காவுக்கு பிஆர்சிஏ1 பழுது என்று தெரிந்த பிறகு இவரும் இரத்தம் கொடுத்தார், இவருக்கும் இருந்தது. அந்தப் பழுது உள்ள 100 பெண்களில் ஏறக்குறைய 40 பேருக்கு வாழ்நாளில் சூலகப் புற்றுநோய் வரும். அதனால்தான் பிள்ளை பெற்று முடிந்தபின் 35க்கும் 40க்கும் இடையில் எடுக்கச் சொல்கிறார்கள். பிஆர்சிஏ2 என்றால் 40க்கும் 45க்கும் இடையில். எடுத்தது சரியான முடிவு. வீட்டுக்குப் போகும்போது கேட்டார்: "மிஸ், தோலில ஒட்டுற ஹோமோன் பெச் ஒண்டு இருக்காமே, ஒட்டலாமா?"

"மார்புப் புற்றுநோய் வந்திரும் பிள்ளை, அதெல்லாம் வேண்டாம்" என்றேன். டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தப் பயம் 2002இல் அமெரிக்காவில் வந்த ஒரு பெரிய ஆய்விலிருந்து பரவியது. அதில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. 39 வயதில் சூலகம் இழந்தவளுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. வயது போய் மாதவிடாய் நிற்கும்போது சூலகம் வருடக்கணக்கில் மெல்ல ஓய்கிறது. வெட்டி எடுத்தால் ஈஸ்ட்ரஜன் சடாரென்று விழுகிறது, டெஸ்டொஸ்டிரோனும் குறைகிறது. மார்பகப் புற்றுநோய் வராத பெண்ணுக்கு, இயல்பாக நிற்கும் வயது வரை, அதாவது 50, 51 வரை, ஹோமோன் கொடுப்பதைத்தான் இன்றைய வழிகாட்டல்கள் ஆதரிக்கின்றன. எலும்புக்கும் இதயத்துக்கும்கூட அது தேவை.

இரண்டு வருடம் கழித்து ரீச்சர் திரும்பி வந்தார். ஃபேனுக்கு நேரே இருந்தும் பிளவுஸ் முதுகோடு ஒட்டியிருந்தது. ஸ்கேனில் எலும்பு அடர்த்தி குறைந்திருந்தது. நான் கதவைச் சாத்திய பிறகுதான் மற்றதைச் சொன்னார். சேரும்போது கண்ணாடித் துண்டால் கீறுவது போல வலி, ஆசையும் இல்லை. கணவர் பாயை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போய்விட்டார். எங்கள் பக்கம் வீடு பெண்ணுடையது, வெளியே போகிறவர் அவர்தான். தன்னை வெறுத்துவிட்டார் என்று இவர் நினைத்தார். தொட்டால் இவளுக்கு நோகும் என்று அவர் பயந்திருக்கிறார். இரண்டு வருடம்! நான் ஒரு கேள்வியை டொக்டரிடம் கொண்டுபோயிருந்தால் போதும்.

மறுகா பெச்சும், உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரஜன் கிரீமும் தொடங்கினார்கள். கொதிப்பும் வலியும் இறங்கின. "ஆசை முன்னம் மாதிரி எண்டு இல்ல மிஸ்" என்றார். அதுவும் உண்மை. ஹோமோன் எல்லாவற்றையும் திருப்பித் தராது, அதைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

மார்பகப் புற்றுநோய் வந்தவருக்கும் இதையே சொல்வது

கூடாது. அவருக்குப் பெச் பொதுவாகக் கொடுப்பதில்லை. கொதிப்புக்கு வென்லபக்சின் போன்ற மாத்திரைகள் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கு டமொக்சிபென் மாத்திரை குடிப்பவருக்குக் கொதிப்புக்குப் பரொக்சிடின் மாத்திரை கொடுத்தால் டமொக்சிபெனின் வேலை குறையும், அதைக் கவனியுங்கள். உள்ளே வைக்கும் கிரீம் பற்றிப் புற்றுநோய் டொக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

"எல்லாம் ஓகேயா?" என்று கேட்பது

மாமி பக்கத்தில் நிற்கும்போது யாரும் "இல்லை" என்று சொல்லமாட்டார்கள். தனியாக வைத்து, "சேரும்போது நோகுதா?" என்றே கேளுங்கள்.

தேங்காயெண்ணெய்

சேரும்போது வழுக்கலுக்குப் பூசுவார்கள். ஆணுறை பாவித்தால் வேண்டாம், ரப்பர் கிழியும்.

சோப்பு

பிறப்புறுப்பைக் கழுவ வேண்டாம். வெறும் தண்ணீர்.