விசாரணைக்கு ஒரு வாரம் முன்பே உயிலின் கடைசிப் பக்கம்

டெக்சாஸில் ஒரு புரொபேட் கோர்ட்டில் (உயில், இறந்தவர் சொத்து வழக்குகளைப் பார்க்கும் நீதிமன்றம்) ஸ்டாஃப் அட்டர்னியாக, அதாவது நீதிமன்றத்துக்காக வேலை செய்யும் வக்கீலாக இருக்கிறேன். நீதிபதியிடம் போகும் முன் உயில் மனுக்களைப் படித்துப் பார்ப்பது என் வேலை.

ஆரம்பத்தில் விசாரணைக்கு முந்தின நாள்தான் கோப்பைத் திறப்பேன். ஒருநாள் ஒரு வயதான அம்மா, கணவரின் உயிலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்தபடி வந்திருந்தார். கையெழுத்து இருக்கிறது, இரண்டு சாட்சிகள் இருக்கிறார்கள், ஆனால் நோட்டரி முன் சாட்சிகள் கொடுக்கும் உறுதிமொழிப் பக்கம் மட்டும் இல்லை. அந்தப் பக்கம் இல்லாவிட்டால் சாட்சி நேரில் வந்து சொல்ல வேண்டும்; சாட்சியும் யாரும் வரவில்லை, விசாரணை தள்ளிப்போனது. அவர் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அதற்கப்புறம் மாற்றிக்கொண்டேன். ஒரு வாரம் முன்பே கோப்பைத் திறந்து முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் பார்ப்பேன். உறுதிமொழி இல்லையென்றால் அன்றே வக்கீலுக்கு மெயில்: உயிலில் கையெழுத்திட்ட சாட்சி ஒருவரையாவது அழைத்து வாருங்கள், யாரும் உயிரோடு இல்லையென்றால், உயில் எழுதியவர் அல்லது சாட்சிகளின் கையெழுத்தை அடையாளம் தெரிந்த இருவரை.

அடுத்து இறந்த தேதி. 4 வருடம் தாண்டியிருந்தால், தாமதத்தில் மனுதாரர் தவறு இல்லை என்று காட்டியாக வேண்டும், அதையும் அந்த மெயிலிலேயே சேர்த்துவிடுவேன். இப்போது இந்தக் காரணங்களுக்காக யாரும் வெறுங்கையோடு திரும்புவது அபூர்வம்.