நோவா மதிப்பீடு: ஒப்பு நட்சத்திரத்தை மாற்ற வேண்டிய ராத்திரியில் என்ன செய்வது?

2021 ஆகஸ்ட். ஆர்எஸ் ஓபியுக்கி என்ற நோவா (திடீரென்று வெடித்துப் பிரகாசமாகி, பிறகு மங்கிப்போகும் நட்சத்திரம்) வெடித்திருந்த சமயம். கானாடுகாத்தானில் எங்கள் வீட்டுப் பின்கட்டு மாடியில் (முகப்புப் பக்கம் போனால் தெருவிளக்கு கண்ணைக் குத்தும்) பைனாகுலரோடு உட்கார்ந்து, மழை மேகம் விட்ட இரவுகளில் அதன் மேக்னிட்யூடை (பிரகாச எண்; எண் குறையக் குறைய வெளிச்சம் கூடுதல்) குறித்துவந்தேன். வழக்கமாக 11, 12 என்று மங்கிக் கிடக்கும் அது, 4.6 வாக்கில் எட்டிவிட்டு மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. என் நோட்டில் மட்டும் ஒரு ராத்திரி 0.3 கூடுதல் வெளிச்சம். ஏதோ பெரிதாகப் பிடித்துவிட்டோம் என்று தூக்கமே வரவில்லை.

மறுநாள்தான் விஷயம் புரிந்தது. நோவாவைப் பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பிடுவோம். அந்த ஒப்பு நட்சத்திரங்களுக்கு முதல் சில நாள் சார்ட்டில் (அவற்றின் மேக்னிட்யூட் குறித்த வான வரைபடம்) இருந்த எண்களை வைத்துக் கணித்தவன், அன்று சோம்பல்பட்டு செல்போன் ஆப் காட்டிய எண்ணை எடுத்திருக்கிறேன். காரைக்குடிப் பழம்பொருள் கடையில் வாங்கிய வீசைக் கல்லில் ஒரு நாளும் கிலோ கல்லில் மறுநாளும் நிறுத்துவிட்டு, புளி எடை கூடிவிட்டது என்று சொன்ன கதைதான்.

சரி, செய்முறைக்கு வருவோம். ஏஏவிஎஸ்ஓ (பிரகாசம் மாறும் நட்சத்திரங்களைக் கவனிப்பவர்களின் அமெரிக்கச் சங்கம்) தளத்தில் நட்சத்திரத்தின் பெயரைக் கொடுத்தால் சார்ட் வரும். அதை அச்செடுத்துக்கொள்ளுங்கள்; செல்போனில் பார்க்காதீர்கள், இருட்டுக்குப் பழகிய கண் பாழாகிவிடும். டார்ச்சுக்குச் சிவப்பு ஜெலட்டின் தாள் சுற்றினால் போதும். கருவி என்றால் என் ஓட்டு 10×50 பைனாகுலருக்குத்தான். இந்த வேலைக்கு டெலஸ்கோப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நோவாவைவிடக் கொஞ்சம் பிரகாசமான ஒன்று, கொஞ்சம் மங்கலான ஒன்று என்று இரண்டு நட்சத்திரம் எடுங்கள். இரண்டுக்கும் இடைவெளி ஒரு மேக்னிட்யூடுக்குள் இருந்தால் நல்லது. 5.2, 6.0 என்ற இரண்டுக்கு நடுவே, பிரகாசமானதிலிருந்து கால் பங்கு தள்ளி நோவா தெரிந்தால் 5.4. அவ்வளவுதான் கணக்கு. (ஒரு மேக்னிட்யூட் என்றால் 2.512 மடங்கு என்று 1856-இல் முன்வைத்த போக்சன், 1861 முதல் சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். அந்த வகையில் நம்ம ஊர் ஆள்!)

எந்த இரண்டை எடுப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஆரஞ்சு, சிவப்பு நட்சத்திரங்களைத் தவிர்த்துவிடுங்கள். உற்றுப் பார்க்கப் பார்க்கச் சிவப்பு கூடுதல் வெளிச்சமாகத் தெரியும். ஆர்எஸ் ஓபியுக்கிக்குப் பக்கத்தில் நியூ ஓபியுக்கி கண்ணை இழுக்கும், ஆரஞ்சு, வேண்டாம். மியூ ஓபியுக்கியும் ஜீட்டா செர்பென்டிஸும் 4.6 வாக்கில் வெள்ளையாக இருக்கும் நல்ல பிள்ளைகள். நோவாவே நாளாக நாளாகச் சிவக்கும் என்பதால் சட்டென்று பார்த்துக் கண்ணை எடுத்துவிட வேண்டும்.

அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதையும் கவனியுங்கள். ஆர்எஸ் ஓபியுக்கி ஆகஸ்டில் இரவு 8 மணிக்கு நமக்கு ஏறத்தாழ உச்சியில் இருக்கும், கவலையில்லை. 2013 டிசம்பரில் சென்டாரஸ் விண்மீன் கூட்டத்தில் வந்த நோவா நம் ஊரில் அதிகபட்சம் 21 டிகிரிதான் ஏறியது. அப்படித் தாழ்வாக இருந்தால், அதே உயரத்தில் உள்ள ஒப்பு நட்சத்திரங்களை மட்டும் எடுங்கள். உயரத்தில் இருப்பதோடு ஒப்பிட்டால், அடிவானப் புழுதி தின்ற வெளிச்சத்தையெல்லாம் நோவாவின் கணக்கில் கழித்துவிடுவீர்கள்.

இனி நான் விழுந்த குழி. நோவா மங்க மங்க, பழைய ஜோடி உதவாது. மாற்றியே தீர வேண்டும். ஒரேயடியாக மாற்றாதீர்கள். ஜோடியில் மங்கலாக இருந்தது புது ஜோடியில் பிரகாசமானதாக வரட்டும். நோவா அந்தப் பொது நட்சத்திரத்துக்குச் சமமாக வரும் ராத்திரியில் இரண்டு ஜோடியிலும் தனித்தனியாக மதிப்பிடுங்கள். முதல் விடையை மூடிவைத்துவிட்டு இரண்டாவதைப் போடுங்கள். இல்லையென்றால் மனசு தானாக இழுத்துப் பொருத்திவிடும். இரண்டும் 0.2-க்குள் வந்தால் மாறிக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் புது நட்சத்திரத்தில் ஏதோ கோளாறு: நிறமாக இருக்கலாம், ஒட்டியிருக்கும் இரட்டையாக இருக்கலாம், அல்லது ஆளையே மாற்றிப் பிடித்திருக்கலாம். எனக்குப் பெரும்பாலும் கடைசிதான்.

ஒவ்வொரு வரியிலும் நேரம், இரண்டு ஒப்பு எண்கள், சார்ட் எண் (சார்ட்டிலேயே அச்சாகியிருக்கும் அடையாள எண்) ஆகியவற்றை எழுதிவிடுங்கள். பின்னால் தப்பு தெரிந்தாலும் திருத்திக்கொள்ளலாம். நான் எழுதாமல் விட்ட மூன்று ராத்திரியை இன்றுவரை மீட்க முடியவில்லை.

பின்சேர்க்கை: சார்ட்டில் 98 என்று போட்டிருக்கிறதே, அவ்வளவு மங்கலா என்று ஒருவர் கேட்டிருந்தார். அது 9.8. புள்ளி வைத்தால் அதையும் ஒரு நட்சத்திரம் என்று நினைத்துவிடுவோம் என்பதால் வைப்பதில்லை.

இன்னொரு பின்சேர்க்கை: இரண்டு பேர் ஒரே ராத்திரி பார்த்து 0.2 வித்தியாசம் வந்தால் சண்டை வேண்டாம். கருவிப் பதிவு இல்லாமல் கண்ணால் பார்த்து மதிப்பிடும்போது அது சகஜம். முதலில் சார்ட் எண் ஒன்றுதானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.