கடலோரக் காருக்குக் காலடி விளக்கு: உப்புக்காற்றைத் தாங்கும் வயரிங்

அக்னி தீர்த்தத்தில் முங்கிவிட்டு ஈரத்துணியோடு ஏறும்போதும், விடியுமுன் அரிச்சல்முனையில் செருப்பைத் தேடும்போதும் காரின் கூரை விளக்கு போதாது. அதன் வெளிச்சம் காலடிக்கு இறங்காது. அங்கே எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டுவது அரைநாள் வேலைதான். ஆனால் ராமேஸ்வரம், மண்டபம், தேவிபட்டினம் பக்கம் ஓடும் காரில், வெளியூரில் செய்வதுபோல வயரை முறுக்கி டேப் சுற்றினால் ஒரு கச்சான் (தென்மேற்குக் காற்று) காலம் தாண்டுவது சந்தேகம். இங்கே முதலில் கெடுவது விளக்கல்ல, இணைப்புதான். மிச்சம் பிடிப்பதாக இருந்தால் விளக்கில் பிடியுங்கள்.

ஸ்ட்ரிப் 12 வோல்ட், 2835 வகை (எல்இடியின் அளவைக் குறிக்கும் எண்), மீட்டருக்கு 60 எல்இடி, சிலிகான் உறை போட்டது, மஞ்சள் சாயல் வெள்ளை (3000 கெல்வின்). ஒரு காலடிக்கு 30 செ.மீ. வீதம் நாலு துண்டு, மொத்தம் 1.2 மீட்டர். இந்த வகை பொதுவாக மீட்டருக்கு 4.8 வாட் எடுக்கும். எல்லாம் சேர்ந்து அரை ஆம்பியர்தான். எனவே 0.5 சதுர மி.மீ. வயர் தாராளம்: சிவப்பில் 5 மீட்டர், கருப்பில் 5 மீட்டர். வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் விலை பார்க்காமல் வாங்குங்கள். அதோடு ஃபியூஸ் டாப் (ஃபியூஸ் குழியில் சொருகி, பழைய ஃபியூஸோடு புதியதையும் மாட்டிக் கரண்ட் எடுக்கும் கிளை), 2 ஆம்பியர் ஃபியூஸ், சின்ன சுவிட்ச், ரிங் டெர்மினல் (போல்டில் மாட்டும் வளைய முனை), பிளாஸ்டிக் டை, உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடாக்கினால் சுருங்கி இறுகுவது).

கலர் மாறும் ரிமோட் செட் வேண்டாம். அந்த கன்ட்ரோலர் பெட்டி உப்பு ஈரம் புக இன்னொரு வாசல். கருப்பு டேப்பும் வேண்டாம்; வெயிலில் பசை இளகி மணல் அப்பிக்கொள்ளும். மல்டிமீட்டர் மட்டும் கட்டாயம்.

கரண்ட் எடுக்க நல்ல இடம் சார்ஜர் சாக்கெட்டின் ஃபியூஸ். பெரும்பாலான கார்களில் ஃபியூஸ் பெட்டி ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும். சாவியை ஏசிசி நிலைக்குத் திருப்பினால் 12 வோல்ட், எடுத்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். அந்த ஃபியூஸைப் பிடுங்கிக் கடைக்கே கொண்டுபோங்கள். மினி, லோ புரொஃபைல் மினி, மைக்ரோ2 என்ற ஃபியூஸ் வகைகள் எல்லாம் பார்க்க ஒன்றுபோல இருக்கும், மாற்றிச் சொருகினால் உள்ளிருக்கும் கவ்வி விரிந்துவிடும். டாப்பைச் சொருகுவதிலும் திசை உண்டு. ஃபியூஸ் இல்லாத காலிக் குழியில் எந்தப் பக்கம் 12 வோல்ட் வருகிறதோ, டாப்பில் இரண்டு ஃபியூஸுக்கும் பொதுவான கால் அந்தப் பக்கம் போக வேண்டும். திருப்பிப் போட்டாலும் விளக்கு எரியும். ஆனால் புதிய சுமையும் பழைய ஃபியூஸ் வழியாகவே போகும்.

அளந்து முடித்ததும் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி (10 ஸ்பேனர் போதும்) சில நிமிடம் பொறுங்கள். மஞ்சள் உறை, மஞ்சள் கனெக்டர் எது தெரிந்தாலும் அது ஏர்பேக் வயர், கை வைக்கக் கூடாது. சீட்டுக்கு அடியிலும் அது இருக்கும்.

இனி வெட்டுவது. கத்தரிக்கோல் குறி போட்ட இடத்தில், செம்புத் தகட்டின் நட்டநடுவில் வெட்டுங்கள். வெட்டியதும் சிலிகான் உறை திறந்துவிடும். உப்பு ஈரம் ஏறுவது அந்த வாய் வழியாகத்தான். வயர் பற்றவைத்த முனையை மட்டும் அடைத்துவிட்டு, மறுமுனையில் வயர் இல்லையே என்று விடுபவர்கள் அதிகம். சில மாதத்தில் அங்கிருந்து பச்சைக் களிம்பு ஏறி, மூன்று மூன்று எல்இடியாக அணையும். எனவே இரு முனையையும் அடையுங்கள். அடைக்கும் சிலிகானிலும் கவனம் வேண்டும். வினிகர் வாடை அடிப்பது அமிலம் விடும், செம்பை அதுவே அரித்துவிடும். டியூபில் ‘நியூட்ரல்’ என்று போட்டதை வாங்கி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். சால்டரிங் அயர்ன் 25 வாட் போதும். மூன்று வினாடிக்கு மேல் வைத்தால் தகடு உரிந்து வந்துவிடும்.

வயரோடு வயர் சேருமிடத்தில் கிரிம்ப் செய்து (உலோக இணைப்பில் வைத்து நசுக்கி), மேலே ஹீட் ஷ்ரிங்க் போட்டு, ஓரத்தில் பசை பிதுங்கும்வரை சூடாக்குங்கள். வயரைக் காலடி விரிப்புக்கு (ஃப்ளோர் மேட்) அடியில் விடாதீர்கள். கடல்நீரும் மணலும் தங்குமிடம் அது. கதவோர பிளாஸ்டிக் பட்டையை நெம்பி, அதற்குள் கொண்டுபோங்கள்.

எர்த்தை (ஸ்ட்ரிப்பின் கருப்பு வயரை) டேஷ்போர்டு ஸ்குரூவில் கொடுத்தால் வேலைக்காகாது, அது பிளாஸ்டிக்கில் ஏறியிருக்கும். பாடியில் நேராக ஏறிய போல்ட் வேண்டும். பெயின்டைச் சுரண்டி உலோகம் பளபளத்த பிறகு ரிங் டெர்மினலை இறுக்கி, அதன்மேல் வாசலின் பூசுங்கள். பேட்டரியைத் திரும்ப மாட்டி, விளக்கு எரியும்போது அந்த ரிங்குக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளந்தால் 0.1 வோல்டுக்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் மறுபடி சுரண்டுங்கள்.

ஒட்டுமுன் இடத்தை ஸ்பிரிட்டால் துடையுங்கள். வெயிலில் நிற்கும் காரில் ஸ்ட்ரிப்பின் பின்னால் உள்ள ஒட்டு டேப் மட்டும் தாங்காது, 10 செ.மீ.க்கு ஒரு டை வேண்டும். முன்பக்க ஸ்ட்ரிப் டேஷ்போர்டின் அடியில், எல்இடி ஓட்டுநர் கண்ணில் நேராகப் படாதபடி இருக்கட்டும். பிரேக்கையும் கிளட்சையும் முழுக்க மிதித்து வயர் எங்கும் தொடவில்லை என்று பாருங்கள். இதில் அலட்சியம் கூடவே கூடாது. பின்பக்கத்துக்கு முன்சீட்டின் சட்டத்தில் கட்டி, சீட்டைக் கடைசிவரை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். ரெயிலில் வயர் சிக்கினால் ஃபியூஸ் போகும்.

பின்சேர்க்கை: கதவு திறந்தால் தானாக எரிய வேண்டும் என்று கூரை விளக்கிலிருந்து எடுப்பவர்களுக்கு இரண்டு சிக்கல் வருகிறது. பல கார்களில் கூரை விளக்குக்கு பாசிட்டிவ் எப்போதும் இருக்கும், கதவு சுவிட்ச் இணைப்பது எர்த்தை. அங்கே ஸ்ட்ரிப்பின் கருப்பு வயரைப் பாடியில் கொடுத்தால் விளக்கு அணையவே அணையாது. கூரை விளக்கின் எர்த் வயரோடுதான் சேர்க்க வேண்டும். மற்றது, கதவை மூடிய பிறகும் மங்கலாக மினுங்குவது. காரின் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து கசியும் சிறு மின்சாரமே எல்இடிக்குப் போதும். ஸ்ட்ரிப்பின் இரு வயருக்கும் குறுக்கே 1 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும்.