மீன்கள் நலம், இறால்கள் மட்டும் சாவு

என் உப்புநீர்த் தொட்டியில் மீன்கள் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தன. இறாலும் நத்தையும் விட்டால் இரண்டே நாளில் சாவு. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம், உப்பின் அளவைக் காட்டும் அடர்த்தி எண் 1.025. புதுத் தண்ணீருக்குப் பழகாத அதிர்ச்சியோ என்று சந்தேகப்பட்டு, அடுத்த இறாலை இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகப் பழக்கினேன். அதுவும் போய்விட்டது.

அப்புறம்தான் செம்புச் சோதனை செய்து பார்த்தேன். நிறம் மாறியது! இறால், நத்தையின் ரத்தத்திலேயே செம்பு உண்டு, ஆனால் நீரில் கரைந்த செம்பு அவற்றுக்கு விஷம். மீன் தாங்கும் அளவே இவற்றைக் கொன்றுவிடும்.

செம்பு கலந்த மீன் மருந்து எதுவும் போடவில்லையே, எங்கிருந்து வந்தது? ஆவியான நீருக்கு ஈடாக ஆர்ஓ நீர் நிரப்பும் குழாயில் ஒரு பித்தளை இணைப்பு. ஆர்ஓ போலத் தாது நீங்கிய நீர் உலோகத்தை அரிக்கும். பித்தளையில் பாதிக்கு மேல் செம்புதான். ஆவியாவது நீர் மட்டும், செம்பு தொட்டியிலேயே சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

பிளாஸ்டிக் இணைப்புக்கு மாறினேன். செம்பை உறிஞ்சும் ரெசினை வடிகட்டியில் வைத்து, பலமுறை நீர் மாற்றினேன். பாறையும் மணலும் பிடித்துவைத்த செம்பு மெல்லத்தான் வெளியேறும், அதனால் சோதனையில் நிறம் மாறாத பிறகும் சில வாரம் பொறுத்தேன். சரி என்று ஒரே ஒரு நத்தையை விட்டேன். இப்போது கண்ணாடியில் பாசி மேய்கிறது.