பழைய கால்சியம் ரியாக்டர் வாங்கலாமா?

மதுரையில் பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான், அதில் யாராவது தொட்டியைக் கலைக்கிறார் என்றால் கால்சியம் ரியாக்டர் (கார்பன் டை ஆக்சைடு கேஸைக் கொண்டு பவளத் துண்டுகளைக் கரைத்து, தொட்டிக்குக் கால்சியமும் ஆல்கலினிட்டியும் கொடுக்கும் கருவி) மலிவாகக் கிடைக்கும், கை பரபரக்கும். முதலில் உங்களுக்கு அது தேவையா என்று பாருங்கள். டோசிங்கை (கரைசல் ஊற்றுவதை) நிறுத்திவிட்டு, பவளம் வளர எடுத்துக்கொள்ளும் கார்பனேட்டின் அளவைச் சொல்லும் ஆல்கலினிட்டியை மூன்று நாள் அளந்து பாருங்கள். ஒரு நாளில் 0.5 டி.கே.ஹெச். (ஆல்கலினிட்டியின் அலகு) கூட இறங்கவில்லை என்றால் கால்சியம், ஆல்கலினிட்டி என இரண்டு கரைசல்களே போதும், பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

தேவைதான் என்றால் நேரில் போங்கள், போட்டோவை நம்பவே வேண்டாம். அக்ரிலிக்கைத் துடைத்துவிட்டு, திருகுத் துளைகளைச் சுற்றி போன் டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள்; தலைமுடி மாதிரி வெடிப்புகள் உள்ளே ஓடினால், சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள், ஒரு ராத்திரியில் வீடு முழுக்க உப்புத் தண்ணீராகிவிடும். வெள்ளைப் படிவு அப்படியில்லை, வினிகரில் ஊறினால் போய்விடும். பம்பைத் தண்ணீரில் ஓட்டிப் பாருங்கள். 230 வோல்ட்தானா என்பதை ஸ்டிக்கரில் பாருங்கள்.

அப்புறம் கேஸ். ரெகுலேட்டர் இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள், குமிழி வந்தால் கசிவு. சோலினாய்டின் (கரண்ட் போனதும் கேஸை அடைக்கும் வால்வு) பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேஸ் குமிழி குமிழியாகப் போவதைக் காட்டும் பபிள் கவுண்டரையே பாருங்கள்: குமிழி நிற்க வேண்டும். நம்ம ஊர் கரண்ட் கட்டில் சோலினாய்டு மூடாவிட்டால், பம்ப் நின்ற பிறகும் கார்பன் டை ஆக்சைடு உள்ளே போய்க்கொண்டே இருக்கும், அது பவளங்களுக்கு நல்லதில்லை. சிலிண்டர் கழுத்தில் குத்தியிருக்கும் சோதனைத் தேதியையும் படியுங்கள். பிஹெச் புரோப் (தண்ணீரின் அமிலத்தன்மையை அளக்கும் முனை) தேய்ந்துபோகும் பொருள், அதற்கு விலையே கொடுக்காதீர்கள்.

அந்தத் தொட்டியில் எப்போதாவது காப்பர் மருந்து ஊற்றினார்களா என்று நேரடியாகக் கேளுங்கள். ஊற்றியிருந்தால் விட்டுவிடுங்கள், காப்பர் பவளங்களுக்கு விஷம்.