குளத்துல மிதக்குற பச்சை விஷப்பாசியான்னு பாக்குறது எப்படி

வெயில் காலத்துல, காத்தே இல்லாத காலை நேரத்துல ஏரி ஓரமா பச்சை பெயின்ட்ட கொட்டின மாதிரி ஒதுங்கி கெடக்கும் பாத்துருக்கீங்களா, அது பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ்தான். நீலப்பச்சைப் பாசின்னு சொல்றோம், ஆனா அது பாக்டீரியா. செல்லுக்குள்ள காத்து அடைச்ச நுண்ணிய குழல்கள் இருக்கு, அதனாலதான் மேல வந்து மிதக்குது. நாம பண்ணப்போற டெஸ்டே அத நம்பித்தான்.

கைல கிளவுஸ் மாட்டிக்கிட்டு ஒரு குச்சிய உள்ள விட்டு தூக்குங்க. நூல் நூலா தொங்குச்சுன்னா சாதாரண இழைப்பாசி, பெருசா பயப்பட வேணாம். குச்சி மேல பூசுனாப்ல ஒட்டிக்கிட்டு வந்தா அடுத்த ஸ்டெப் போங்க: கண்ணாடி பாட்டில்ல முக்கால்வாசி தண்ணி புடிச்சு, மூடி, ஃப்ரிட்ஜ்ல ஒரு ராத்திரி அசைக்காம வைங்க (மேல "குடிக்காதே"ன்னு எழுதி ஒட்டுங்க, வீட்ல யாராச்சும் எடுத்துருவாங்க). காலைல பச்சை அடில படிஞ்சு கெடந்தா அனேகமா வேற பாசி, மேல வளையமா ஏறி நின்னா நீலப்பச்சைப் பாசியா இருக்க சான்ஸ் அதிகம். யூக்ளினா மாதிரி நீந்துற ஜாதியும் மேல வரும், அதனால இது முடிவான டெஸ்ட் கெடையாது.

சரி, மைக்ரோசிஸ்டிஸ்தான்னு வச்சுக்குவோம், விஷம் இருக்கா? இங்கதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க, ஏன்னா விஷம் உள்ளதும் இல்லாததும் ஒரே குளத்துல கலந்து கெடக்கும், மைக்ரோஸ்கோப்ல பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். வித்தியாசம் ஜீன்ல இருக்கு. எம்சிஒய்னு பத்து ஜீன் சேந்த ஒரு கூட்டம், சுமார் 55,000 டிஎன்ஏ எழுத்து நீளம், 2000ல முழுசா படிச்சாங்க. அது இருந்தாதான் மைக்ரோசிஸ்டின்ங்கிற அந்த விஷம் தயாராகும். வழக்கமா புரதம் செய்யற ரைபோசோம இது தொடவே தொடாது, பெரிய பெரிய என்சைம்கள் வரிசையா நின்னு ஏழு அமினோ அமிலத்த ஒண்ணொண்ணா கோத்து கடைசில வளையமா மூடிருது. குடிச்சா நேரா கல்லீரல் செல்லுக்குள்ள போய் பாஸ்படேஸ் என்சைம முடக்கிரும்.

அந்த வளையம் ரொம்ப கெட்டி, தண்ணிய கொதிக்க வச்சாலும் அசையாது. 2014 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல ஈரி ஏரி தண்ணிய குடிக்கிற டொலிடோ ஊர்ல நாலு லட்சம் பேருக்கு மேல குழாய்த் தண்ணி குடிக்காதீங்கன்னு சொன்னப்ப, கொதிக்க வைக்கவும் வேணாம்னுதான் சொன்னாங்க, ஏன்னா தண்ணி ஆவியாகி விஷம் இன்னும் அடர்த்தியாத்தான் ஆகும். உலக சுகாதார நிறுவனத்தோட வரம்பு குடிநீர்ல லிட்டருக்கு 1 மைக்ரோகிராம், அவ்ளோதான்.

இன்னொரு விஷயம், பாசி அடர்த்தியா இருக்குறப்ப மயில்துத்தத்த கொட்டிராதீங்க. செல்லு வெடிச்சு உள்ள இருந்த விஷம் மொத்தமும் தண்ணில கலந்துரும், பச்சை போயிரும், பாக்க சுத்தமாயிருச்சேன்னு மாட்ட தண்ணி காட்ட கூட்டிட்டு போவாங்க, அதான் ஆபத்து. மாடு, ஆடு, நாய் எதையும் அந்தப் பக்கம் விடாதீங்க.

லேப்ல குடுக்கும்போது பிசிஆர் (ஜீன் இருக்கான்னு பாக்குற டெஸ்ட்) மட்டும் கேட்டா பத்தாது. ஜீன் கூட்டத்துல ஒரு துண்டு அறுந்துபோன ரகமும் உண்டு, அதுக்கு ஜீன் டெஸ்ட் பாசிட்டிவ் காட்டும் ஆனா விஷம் இருக்காது. எலைசாங்கிற டெஸ்ட் பண்ணி விஷத்தோட அளவையே பாக்க சொல்லுங்க. சாம்பிள கண்ணாடி பாட்டில்ல புடிச்சு (சில பிளாஸ்டிக்ல விஷம் ஒட்டிக்கும், ரிசல்ட் கம்மியா காட்டும்), வெளிச்சம் படாம பேப்பர் சுத்தி, ஐஸ்ல வச்சு அன்னிக்கே கொண்டு போங்க. மைக்ரோஸ்கோப்புக்குன்னு அயோடின் ஊத்துவாங்கல்ல, அது தனி பாட்டில், எலைசாவுக்கு அத குடுத்துராதீங்க.