லண்டனில் அரண்மனைக் காவலர் முன் நடந்துகொள்ளும் முறை

டர்பனிலிருந்து விடுமுறைக்கு லண்டன் செல்லும் நம் குடும்பங்கள் முதலில் படம் எடுத்துக்கொள்ள விரும்புவது, கரடித்தோல் தொப்பியும் செஞ்சட்டையும் அணிந்த காவலருடன்தான். அவரைச் சிரிக்க வைக்கப் பந்தயம் கட்டும் பிள்ளைகளிடம் புறப்படும் முன்பே ஒரு கேள்வி கேளுங்கள்: நம் டர்பன் கேட்டோ மேனர் அம்பலவாணர் ஆலயத்தில் பெரிய வெள்ளியன்று தீமிதிக்க வந்து நிற்கும் பக்தரின் தோளில் கைபோட்டுப் படம் எடுப்பீர்களா? விரதக்காரரிடம் காட்டும் அந்த விலகல் இங்கும் போதும்.

அவர் வேடமிட்டவர் அல்லர். பணியிலுள்ள படைவீரர், கையிலிருப்பது உண்மையான துப்பாக்கி. வழக்கமாக ஒரு முறைக்கு இரண்டு மணி நேரம் நிற்பார். இடையிடையே சில அடிகள் நடந்து திரும்புவார். அந்தப் பாதையில் நிற்காதீர்கள், ஏனெனில் அவர் உங்களுக்காக ஒதுங்க மாட்டார். வழிவிடும்படி அவர் குரல் கொடுத்தால் அதைப் பெரியவர் அதட்டலாக எண்ணிச் சிணுங்காமல் உடனே நகருங்கள்.

தொல்லை நீண்டால் முதலில் காலை ஓங்கி மிதித்து விறைப்பாக நிற்பார், அடுத்து உரக்க எச்சரிப்பார், பிறகு துப்பாக்கியை மார்புக்குக் குறுக்கே பிடிப்பார். அதற்கு மேலும் போனால் காவல்துறை வரும். முதல் மிதியிலேயே விலகிவிடுவது நல்லது. பக்கிங்ஹாம் அரண்மனையில் 1959 வரை வேலிக்கு வெளியே நின்ற காவலர்கள், பார்வையாளர் தொல்லையால்தான் உள்ளே மாற்றப்பட்டார்கள். இன்று நாம் கம்பி வழியே எட்டிப் பார்ப்பது முன்பு வந்தவர்கள் தேடித்தந்த சீர்வரிசை என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் வைட்ஹால் தெருவில் உள்ள குதிரைப்படைக் காவல் வாயில். குதிரை உதைக்கலாம், கடிக்கலாம், கடிவாளத்தைத் தொடாதீர்கள் என்று அங்கே எச்சரிக்கைப் பலகையே வைத்திருக்கிறார்கள். கடிவாள வாரின் மறுமுனை குதிரையின் வாயில் இருப்பதால், அதைப் பிடித்து இழுத்தால் குதிரைக்கு வலிக்கும், மிரளும்; மேலே இருப்பவரும் தடுமாறுவார். குழந்தையைத் தூக்கிக் குதிரையின் முகத்தருகே நீட்டவே நீட்டாதீர்கள். ஓரடிக்கு மேல் தள்ளி, பக்கவாட்டில் நின்று ஒரே படம் எடுத்துக்கொண்டு அடுத்தவருக்கு இடம் விடுங்கள். குதிரைமீது அமர்ந்த காவலர்கள் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரைதான் அங்கிருப்பார்கள் என்பதால், கடைத்தெருவை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.